ஆயில் இல்லாமல் ஓடிய இன்ஜினா? ஸ்பானரை எடுப்பதற்கு முன் அக்கா சொல்வதைக் கேள்!

"அக்கா, ஆயில் ஊத்திட்டா மறுபடி ஓடுமா?"

மண்பாதையில் வண்டி ஓட்டும் தம்பிகளும் தங்கச்சிகளும் பட்டறைக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி இது. ஓடும். கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் முன்பு நின்றதைவிட மோசமாக நிற்கும். தேய்ந்தது தேய்ந்ததுதான், புது ஆயில் அதை வளர்த்துத் தராது.

இரண்டாவது கேள்வி, "அப்போ போர் கிட் போட்டுடலாமா?" இதற்கும் நான் உடனே தலையாட்ட மாட்டேன். போர் கிட் என்றால் சிலிண்டர், பிஸ்டன், ரிங். ஆயில் இல்லாதபோது அடிவாங்குவது அவை மட்டுமல்ல. கேம் ஷாஃப்ட், ராக்கர், கிராங்க்கின் பேரிங், கிளட்ச் என்று எல்லாமே அந்த ஒரு லிட்டர் ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன. நடுவில் இருப்பதை மட்டும் புதுசாக மாற்றி, மேலேயும் கீழேயும் பார்க்காமல் மூடினால் செலவு இரட்டிப்பாகும்.

நம் பக்கம் மண்ணில் இறங்குகிற வண்டிகளில் அதிகம் பார்ப்பது 2019-ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 199.6 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக்; 2021-ல் நான்கு வால்வு வகையும் வந்தது. அதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். மற்ற ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் வேலையின் வரிசை இதேதான். நான் சொல்லும் அளவுகள் இந்த ரக இன்ஜின்களுக்குப் பொதுவானவை. கடைசி வார்த்தை உன் வண்டியின் சர்வீஸ் மேனுவலுடையது. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி வேறு கதை. அதில் 2டி ஆயில் பெட்ரோலோடு உள்ளே போய் எரிந்துவிடும், கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில். அதை இதோடு குழப்பிக்கொள்ளாதே.

1. நின்ற இடத்திலேயே நிறுத்து

இழுவை திடீரென்று குறைவது, மேலே டிக் டிக் சத்தம், அடியில் கட கட சத்தம், கருகிய வாடை. இதில் எது வந்தாலும் கில் சுவிட்சை அழுத்து. ஓடும்போதே இன்ஜின் இறுகுவது போலத் தெரிந்தால் அந்த நொடியே கிளட்சைப் பிடி. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு நீ கீழே விழுவது அதில் தப்பும். இந்த மாதிரிச் சிறிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஆயில் பிரஷர் விளக்கு கிடையாது. மீட்டர் எச்சரிக்கும் என்று காத்திருக்காதே. காதும் மூக்கும்தான் எச்சரிக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. இறுகிய இன்ஜின் அரை மணி நேரம் ஆறினதும் சுற்ற ஆரம்பிக்கும். "சரியாயிடுச்சு" என்று நீ ஸ்டார்ட் செய்வாய். சூட்டில் அலுமினியம், இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்தது. ஆறினதும் சுருங்கி விட்டது. அவ்வளவுதான் நடந்தது. கீறலும் ஒட்டிய அலுமினியமும் உள்ளேயே இருக்கின்றன. ஆகவே ஸ்டார்ட் செய்யாதே, கியரில் போட்டுத் தள்ளாதே. ஒரு குட்டியானையைக் கூப்பிட்டு ஏற்றி வா. அந்த வாடகைதான் இந்த வேலையிலேயே குறைந்த செலவு.

2. வடித்து, அளந்து, எழுதி வை

சுத்தமான தட்டில் ஆயிலை வடித்து அளவு ஜாடியில் ஊற்றிப் பார். மேனுவலில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடு. இந்தச் சின்ன வேலையைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். மொத்தத் தேடலையும் இது இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடும்.

ஆயில் பாதிகூட வரவில்லையா? எங்கோ கசிந்திருக்கிறது அல்லது எரிந்திருக்கிறது. ஆயில் சரியான அளவில் இருந்தும் இன்ஜின் இறுகியதா? அப்படியானால் ஆயில் இருந்தும் மேலே ஏறவில்லை. பெரும்பாலும் பம்ப், வடிகட்டி ஜாலி, ஆயில் துவாரம் இவற்றில் ஒன்று குற்றவாளி. இரண்டாவது வகையில் எத்தனை புது போர் கிட் போட்டாலும் காரணத்தைக் கண்டுபிடிக்காதவரை அது தங்காது.

3. வடிந்த ஆயில் சொல்லும் சேதி

வெள்ளைத் துணியில் ஆயிலை வடிகட்டு. துணியில் தங்கும் தூள்மேல் ஒரு காந்தத்தைக் கொண்டு போ. காந்தத்தில் ஒட்டினால் எஃகு: கேம், ராக்கர், கியர், பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். வெள்ளியாக மின்னியும் ஒட்டவில்லை என்றால் அலுமினியம்: பிஸ்டன் அல்லது ஹெட். பொன்னிறத் துகள் என்றால் வெண்கலப் புஷ், வாஷர் அல்லது பேரிங் கூடு. கறுப்பாக நார் போல வந்தால் கிளட்ச் பிளேட். எது எவ்வளவு என்று எழுதி வை. திறந்த பிறகு எங்கே அதிக நேரம் செலவிட வேண்டும் என்று அதுவே சொல்லும்.

கையுறை போட்டுக்கொள். பழைய இன்ஜின் ஆயில் தோலுக்கு ஆகாது. நாள்பட்டால் தோல் புற்றுநோய் வரைக்கும் ஆபத்து உண்டு. வடித்ததைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதே. கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடு.

4. ஆயில் போன வழியைப் பிடி

மண்பாதை வண்டியில் ஆயில் போகிற வழிகள் சில உண்டு. டிரெயின் போல்ட்டில் பழைய வாஷரையே மறுபடி போட்டது. போல்ட்டை மிதமிஞ்சி முறுக்கி மரை போனது. கல் பட்டு அடி கவரில் விரிசல் விழுந்தது. ஆயில் கூலரிலோ அதன் குழாயிலோ அடி பட்டது. ரிங் தேய்ந்து சிறிது சிறிதாக எரிந்தது. இது மெதுவாக நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. சைலன்சரில் நீலப் புகை வந்ததா என்று நினைவுபடுத்திப் பார்.

இன்னொன்று மண் ஓட்டக்காரர்களுக்கே உரியது. வண்டி விழுந்து படுத்த நிலையில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருப்பது. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் வெறும் காற்றை உறிஞ்சும். ஆயில் முழுதாக இருந்தும் கேம் கருகியதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

கழுவுவதற்கு முன்பே அடிப்பக்கத்தை விளக்கடித்துப் பார். ஈரமாக மண் ஒட்டியிருக்கும் இடம் கசிவின் தடயம். வாட்டர் சர்வீஸ் அடித்துவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும்.

5. திறக்கும் முன் நான்கு சோதனை

ஸ்பார்க் பிளக்கைக் கழற்று. மேக்னட் பக்கத்து நட்டில் ஸ்பானர் போட்டு இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்று. சுற்றவே இல்லை என்றால் பலம் காட்டாதே. பிளக் துவாரம் வழியாகத் துரு இளக்கும் ஆயிலை விட்டு ஓர் இரவு ஊற விடு.

சுற்றினால், எங்கே கனமாகிறது, எங்கே கரகரக்கிறது என்று கையால் உணர்ந்து பார். அடுத்து கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்துகொண்டு செல்ஃப் அடித்துப் பார். அளவு குறைவாக இருந்தால் ஒரு தேக்கரண்டி ஆயிலை பிளக் துவாரத்தில் விட்டு மறுபடி பார். கூடினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. கூடவில்லை என்றால் சந்தேகம் வால்வு மேல். எஃப்.ஐ. வண்டியில் இதற்கு முன்பே பெட்ரோல் பம்ப் கப்ளரைக் கழற்றிவிடு. பிளக் கேப்பில் பழைய பிளக் ஒன்றை மாட்டி, துவாரத்துக்குத் தள்ளி இன்ஜின் உடம்பில் எர்த் ஆகும்படி வை.

கம்ப்ரஸர் வசதி இருந்தால் இன்னும் நல்லது. பிஸ்டனை கம்ப்ரஷன் மேல் நிலையில் நிறுத்தி, பிளக் துவாரம் வழியாகக் காற்றைக் கொடு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பாடியில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். இன்ஜினைத் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். காற்று பிஸ்டனைத் தள்ளி கிராங்க் சட்டென்று சுற்றலாம். ஸ்பானரை நட்டில் விட்டுவிடாதே, கையை அருகே வைக்காதே.

6. கழற்றும்போது ஒழுங்கு

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடு. ஒவ்வொரு கவரின் போல்ட்டும் தனித்தனி டப்பாவில். நீளம் மாறிப் போனால் கவர் உடையும். மேக்னட்டின் டி குறியைப் பொருத்தி, பிஸ்டனை கம்ப்ரஷன் மேல் நிலையில் நிறுத்து. கேம் ஸ்ப்ராக்கெட்டைத் தொடும் முன் டைமிங் செயின் டென்ஷனரைக் கழற்று. செயின் உள்ளே விழாமல் ஒரு கம்பியால் கட்டி வை. ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாகத் தளர்த்து. ஒன்றை ஒரேயடியாகக் கழற்றினால் ஹெட் வளையும்.

சிலிண்டரைத் தூக்கியதும் கிராங்க் கேஸ் வாயை நல்ல துணியால் மூடு. இதற்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் பிரிந்து உள்ளே போனால் அடுத்த முறை ஆயில் ஜாலியை அடைப்பது அதுவாகத்தான் இருக்கும்.

7. முதலில் பார்க்க வேண்டியது ஹெட்

எல்லோரும் நேராகப் பிஸ்டனைப் பார்ப்பார்கள். நீ ஹெட்டிலிருந்து ஆரம்பி. பம்ப்பிலிருந்து மிகத் தூரத்தில் இருப்பது கேம் ஷாஃப்ட். ஆயில் குறைந்தால் முதலில் காய்வது அந்த இடம்.

கேம் முகடுகளில் நீலம் பாய்ந்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா, நகத்தில் தட்டுப்படும் கீறல் இருக்கிறதா என்று பார். ராக்கரில் கேமைத் தொடும் முகத்தையும் பார். ஒன்று போயிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்று. பழைய ராக்கரோடு புது கேம் போட்டால், புதுசைப் பழசு தின்றுவிடும். கேம் உட்காரும் இடம் பேரிங்காக இருந்தால் பேரிங்கை மாற்றினால் போதும். நேராக அலுமினியத்திலேயே சுற்றுகிற வகையாக இருந்து, அந்த இருக்கை கீறியிருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டியிருக்கும். செலவுக் கணக்கில் பெரிய பூதம் இதுதான். அதனால்தான் முதலில் பார்க்கச் சொன்னேன்.

வால்வு கசிகிறதா என்று பார்க்க, பிளக்கை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, எரிஅறையில் சிறிது பெட்ரோல் விட்டுப் பத்து நிமிடம் பொறு. போர்ட்டுக்குள் ஈரம் வந்தால் வால்வு உட்காரவில்லை. அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் அக்கம்பக்கத்தில் இருக்கக் கூடாது.

8. சிலிண்டரும் பிஸ்டனும்: கண் போதாது, அளவு வேண்டும்

சிலிண்டர் சுவரில் நகத்தை மேலும் கீழும், குறுக்காகவும் ஓட்டு. நகம் மாட்டினால் வெறும் ஹோனிங்கில் சரியாகாது. மாட்டவில்லை என்றாலும் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரு திசையில், ஆக ஆறு அளவு எடு. பிஸ்டனை அதன் பின்னுக்குக் குறுக்குத் திசையில், பாவாடையின் கீழ்ப் பகுதியில் மைக்ரோமீட்டரால் அள. இரண்டுக்கும் உள்ள இடைவெளி புதிதில் 0.01 முதல் 0.04 மி.மீ. வரை இருக்கும். 0.10 மி.மீ. ஆனால் கதை முடிந்தது.

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார். 0.5 மி.மீ. தாண்டினால் பொதுவாக ரிங் மாற்றம் உறுதி.

இப்போது ஒரு முக்கியக் கேள்வி: சிலிண்டருக்குள் இரும்பு லைனரா, நிக்கசில் போன்ற பூச்சா? இரும்பு லைனர் என்றால் ரீபோர் செய்யலாம். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 என்று கால் மி.மீ. படியாக வரும். பூச்சு போட்ட சிலிண்டரை ரீபோர் செய்தால் பூச்சு போய்விடும். மறுபூச்சு அல்லது புதுச் சிலிண்டர்தான் வழி. வெளிநாட்டு மோட்டோகிராஸ் வண்டிகளில் இந்தப் பூச்சுதான் அதிகம்.

ரீபோருக்கு ஒரு விதி: பிஸ்டனை முதலில் வாங்கி, அதை லேத்காரர் கையில் கொடுத்து, அதற்கேற்பத் துளைக்கச் சொல். "0.50 அடிச்சு வைங்கண்ணா, பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றால் இடைவெளி தப்பும். கடைசியில் ஹோனிங் கோடுகள் குறுக்கு வலையாகத் தெரிய வேண்டும்; அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும்.

வாங்கி வந்ததும் சிலிண்டரைப் பெட்ரோலிலோ டீசலிலோ மட்டும் கழுவி நிறுத்தாதே. ஹோனிங் கல்லின் பொடி அதில் போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். அதுவரை கழுவு. உடனே காயவைத்து ஆயில் தடவு. இல்லையென்றால் துரு பிடிக்கும்.

9. கிராங்க்கை விட்டுவிடாதே

கனெக்டிங் ராடை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, நேராக மேலும் கீழும் இழுத்துப் பார். கையில் துளி ஆட்டம் தெரிந்தாலும் பெரிய முனை பேரிங் போய்விட்டது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. அதை ஃபீலர் கேஜால் அளந்து மேனுவலோடு ஒப்பிடு. பிஸ்டன் பின்னிலோ ராடின் அடியிலோ நீலம் பாய்ந்திருந்தால் ஆட்டம் இல்லாவிட்டாலும் நம்பாதே. அந்த எஃகு சூட்டில் பதம் இழந்துவிட்டது.

ராட் மாற்ற கிராங்க்கை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிரிக்க வேண்டும். சுத்தியலால் தட்டிப் பிரிக்கும் இடத்துக்குப் போகாதே. சேர்த்த பிறகு இரு முனையையும் சென்டரில் நிறுத்தி, டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்க்க வேண்டும், 0.03 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல வேலை. லேத்காரரிடம் கேஜைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்காதே. நல்ல வேலைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார்.

இதில் பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. பல இன்ஜின்களில் கிராங்க்குக்குள் துளை வழியாகத்தான் பெரிய முனைக்கு ஆயில் போகிறது. புது கிராங்க் பின்னை அழுத்தும்போது அதன் துளை, கிராங்க் துளையோடு நேராக அமைய வேண்டும். சிறிது திரும்பிவிட்டாலும் வழி அடைபடும். புது ராட் முதல் நாளிலிருந்தே பட்டினி கிடக்கும். பிரஸ் வேலை முடிந்ததும் அந்தத் துளையில் ஆயில் கேனால் அடித்துப் பார். பேரிங் பக்கம் ஆயில் வெளியே வர வேண்டும்.

மெயின் பேரிங்குகளைக் கழுவிக் காயவைத்துக் கையால் சுற்று. கரகரத்தால் மாற்று. காற்றடித்துச் சுழலவிட்டு விளையாடாதே. காய்ந்த பேரிங் அதிலேயே கெடும், குண்டு தெறிக்கவும் கூடும்.

10. கிளட்ச்

இதுவும் இன்ஜின் ஆயிலில்தான் குளிக்கிறது. ஸ்டீல் பிளேட்டில் நீலம் இருக்கிறதா, கருகிய வாடை இருக்கிறதா என்று பார். தட்டையான கண்ணாடியில் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தால் வளைவு தெரியும். புது ஃபிரிக்ஷன் பிளேட்டை மாட்டும் முன் சில மணி நேரம் இன்ஜின் ஆயிலில் ஊறப் போடு. கியர் பற்களையும் இதோடு ஒரு பார்வை பார்த்துவிடு. பெரும்பாலும் அவை தப்பித்திருக்கும்.

11. ஆயில் வழி முழுவதும் சுத்தம்

கல் பொறுக்காத அரிசியை உலையில் போட்டுவிட்டு நல்ல குழம்பு வைத்து என்ன பயன்? உலோகத் தூளை உள்ளே விட்டுவிட்டுப் புதுச் சாமான் போடுவதும் அப்படித்தான்.

ஆயில் பம்ப்பைப் பிரி. உள் ரோட்டர், வெளி ரோட்டர் முகங்களில் கீறல் இருந்தால் மாற்று. இரண்டின் முனைகளுக்கு இடையே 0.20 மி.மீ. அளவுக்கு இடைவெளி வந்துவிட்டால் பெரும்பாலான மேனுவல்கள் மாற்றச் சொல்லும். பம்ப்பைச் சுற்றும் கியரின் பற்களையும் எண்ணிப் பார். ஒன்றிரண்டு உடைந்திருந்தால் தேடிய திருடன் அகப்பட்டான். ஜாலியைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார். முன்பு யாரோ தாராளமாகப் பூசிய சிலிக்கான் பேஸ்ட் புழுபோல உருண்டு அங்கே உட்கார்ந்திருப்பது சாதாரணம்.

ஒவ்வொரு துவாரத்திலும் இரு திசையிலும் காற்று அடி. சிலிண்டர் அடியிலும் ஹெட்டிலும் ஆயில் ஏறும் ஒரு துவாரம் இருக்கும். அங்கே உள்ள சிறிய ஓரிங்கை மறக்காதே. பேக்கிங்கைத் தலைகீழாகப் போட்டு அந்தத் துவாரத்தை மூடிவிட்டால், நீ செய்த எல்லா வேலையும் வீண். ஆயில் கூலர் உள்ள வண்டியில் கூலருக்குள் தூள் ஒளிந்திருக்கும். பல முறை அலசு; சந்தேகம் தீரவில்லை என்றால் புதிதாக மாற்று.

12. வாங்கும் முன் கணக்குப் போடு

அளந்து முடித்த பிறகு ஒரு தாளில் மூன்று தலைப்பு எழுது: ஹெட், சிலிண்டர், கிராங்க். ஒன்று மட்டும் போயிருந்தால் தயங்காமல் சரிசெய். இரண்டு போயிருந்தால் சாமான் விலை, லேத் கூலி இரண்டையும் கேட்டு எழுதி யோசி. மூன்றும் போயிருந்தால் நல்ல பழைய இன்ஜின் ஒன்றின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்.

பழைய இன்ஜின் வாங்குவதாக இருந்தால் பில்லும் மூல வண்டியின் ஆவணமும் இல்லாமல் தொடாதே. திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் நீதான் பதில் சொல்ல வேண்டும். இன்ஜின் எண் மாறினால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். வழக்கமான இன்சூரன்ஸ் இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. அதை நம்பி எதையும் ஆரம்பிக்காதே.

13. பூட்டும்போது

பேக்கிங், ஓரிங், பிஸ்டன் பின் கிளிப் எல்லாம் புதிது. கழற்றிய கிளிப்பை மறுபடி போடுவது சில ரூபாய் மிச்சத்துக்காகச் சிலிண்டரைப் பணயம் வைப்பது. ரிங்கில் எழுத்துள்ள முகம் மேலே. வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் தள்ளித் தள்ளி. பிஸ்டன் தலையிலுள்ள குறி எந்தப் பக்கம் இருந்தது என்று நீ எடுத்த படத்தைப் பார். உராயும் எல்லா இடத்திலும் ஆயில் தடவு. கேம் முகடுகளில் தாராளமாக. நட்டுகளை டார்க் ரெஞ்சால், குறுக்கு மறுக்காக, மூன்று கட்டமாக முறுக்கு. குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி வை.

எல்லாம் முடிந்ததும் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார். எங்காவது தட்டினால் நிறுத்து. கையால் சுற்றும்போது தட்டுவது, செல்ஃப் அடித்தால் உடைக்கும்.

14. முதல் ஸ்டார்ட்

சரியான அளவு ஆயில் ஊற்று. ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று டப்பாவில் இருக்க வேண்டும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கலாம், கிளட்ச் வழுக்கும். கேம் மேலும் சிறிது ஊற்று. பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் பம்ப் கப்ளரை விலக்கி, சில நொடிகள் செல்ஃப் அடி, சற்று ஓய்வு கொடு, மறுபடி அடி. வால்வு கவர் வழியாக மேலே ஆயில் வருவதைக் கண்ணால் பார்க்கும் வரை பிளக்கை மாட்டாதே. வரவில்லை என்றால் வந்த வழியே திரும்பிப் போய்த் தேடு. இந்த இடத்தில் எந்தச் சமாதானமும் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் சத்தம் கேள், கசிவு பார், சில நிமிடத்தில் நிறுத்தி ஆறவிடு. ஆயில் அளவை மறுபடி பார். பிறகு மென்மையாக ஓட்டு. நீண்ட நேரம் ஐடிலிங் வேண்டாம். ஒரே வேகத்திலும் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரைப் பாதி வரை ஏற்றி இறக்கு. புது ரிங் சிலிண்டரோடு பொருந்துவது அப்படித்தான். முதல் 50 கி.மீ.க்குள் ஆயிலை வடித்து, பழையபடி வெள்ளைத் துணி, காந்தம். கொஞ்சம் மினுமினுப்பு இயல்பு. துண்டு துண்டாக வந்தால் ஓட்டாதே.

15. இனி வராமல் இருக்க

வண்டியை நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஆயில் அளவு பார். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டி பொய் சொல்லும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புது டிரெயின் வாஷர். போல்ட்டை முறுக்கியதும் பெயின்ட்டால் ஒரு கோடு போடு. கோடு நகர்ந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. அடியில் நல்ல பாஷ் பிளேட் மாட்டு. ஆனால் மாதம் ஒரு முறையாவது கழற்றிப் பார், கசிவை மறைப்பதும் அதே தகடுதான். விழுந்தால் முதலில் கில் சுவிட்ச், அப்புறம் வண்டியைத் தூக்கு. மலைக்குப் போகும்போது பையில் அரை லிட்டர் ஆயில் வைத்துக்கொள்.

மேலே சொன்ன அளவுக் கருவிகள் இல்லை என்றால் கழற்றுவதும் கழுவுவதும் நீயே செய். அளப்பதையும் பிரஸ் வேலையையும் அனுபவமுள்ள லேத் பட்டறையில் கொடு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. காசு மிச்சம் பிடிக்க அளவு பார்க்காமல் மூடுவதுதான் தப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை மண்ணில் இறங்கும் முன் முதலில் ஆயில் அளவைப் பார். அப்புறம் ஹெல்மெட்டைப் போடு.